உப்பு மலையேறிய பாதை: நம் கரையின் தவளக்காரர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பிள்ளைகளிடம் ஊர் வரலாற்றை எழுதி வரச் சொன்னால் அனேகமாக எல்லாக் கொப்பியும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறது. அரேபிய வணிகர்கள் மரக்கலங்களில் வந்தார்கள், கரையில் இறங்கினார்கள், இங்கே பெண் எடுத்தார்கள், நாம் உருவானோம். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதையில் நாம் எப்போதும் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். முதுகுப் பக்கம், மேற்கே, வயல் முடிந்து காடு தொடங்கி, காடு முடிந்து மலை ஏறுகிறதே, அந்தப் பக்கம் நமக்கு வரலாறே இல்லாதது போல.

இருக்கிறது. பெரிய வரலாறு. பாண்டிருப்பைச் சுற்றி மருதமுனை, கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரையில் நாம் இத்தனை பேர் இருப்பதற்கே அந்த மேற்குப் பாதை ஒரு காரணம். அதில் நடந்தது பொதி மாடு. முதுகில் இரண்டு பக்கமும் பொதி தொங்க, வரிசையாகக் காட்டுக்குள் போகும் மாட்டுக் கூட்டத்துக்குத் 'தவளம்' என்று பெயர். சிங்களத்தில் 'தவளம'. பழைய தமிழில் 'தாவளம்' என்றால் தங்குமிடம். இரவில் பொதி இறக்கித் தங்கித் தங்கிப் போகும் கூட்டத்துக்கு அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

சூறா குறைஷ் ஓதத் தெரியாத பிள்ளை நம்மிடம் இல்லை. மாரியில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் போய்வந்த வணிகக் கூட்டங்களை எல்லோருக்கும் தெரியும். ஒட்டகம் ஒன்று 150 முதல் 200 கிலோ வரை சுமக்கும் என்பதும் அது நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீற்றர் நடக்கும் என்பதும் வகுப்பில் கேட்டால் பதில் வரும். சகாரா பாலைவனத்தின் உப்பு வழியைப் பற்றியும் சிலர் வாசித்திருப்பார்கள். இப்னு பதூதா 1344-இல் நம் நாட்டுக்கு வந்தார். புத்தளத்தில் இறங்கி பாவா ஆதம் மலைக்கு ஏறினார். எட்டு ஆண்டு கழித்து, 1352-இல், அதே மனிதர் சகாராவுக்குள் போனார். சிஜில்மாசாவிலிருந்து 25 நாள் நடந்து தகாஸா என்ற ஊரை அடைந்தார். அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புக் கட்டியால் கட்டப்பட்டிருந்தன. கூரை ஒட்டகத் தோல். மரம் கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது, ஈ மட்டும் நிறைய. அந்த நரகத்தில் ஏன் ஊர் இருந்தது? தெற்கே மாலி நாட்டில் உப்பு இல்லை, பொன் இருந்தது. இங்கே பொன் இல்லை, உப்பு இருந்தது. அவ்வளவுதான்.

நம் பாதையும் அதே கணக்குத்தான். மணலுக்குப் பதில் காடு, ஒட்டகத்துக்குப் பதில் மாடு, பொன்னுக்குப் பதில் பாக்கு.

கண்டி இராச்சியத்தில் நெல் விளைந்தது, குரக்கன் விளைந்தது, மிளகும் ஏலமும் பாக்கும் விளைந்தன. இரும்பும் உண்டு. விளையாத ஒன்று உப்பு. மலைநாட்டில் எந்த மன்னன் எவ்வளவு பெரிய கோட்டை கட்டினாலும் அவன் வீட்டுக் கறிக்கு உப்பு கடற்கரையிலிருந்துதான் போக வேண்டும். துறைமுகங்கள் போர்த்துக்கேயரிடமும் பிறகு ஒல்லாந்தரிடமும் போனபோது மன்னர்களுக்கு வந்த முதல் நெருக்கடிகளில் ஒன்று உப்பு. ஒல்லாந்தரும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் உப்பைத் தங்கள் ஏகபோகமாக வைத்துக்கொண்டதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. உப்பைப் பிடித்தால் மலையைப் பிடிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த உப்பைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள் நம் ஆட்கள். உப்போடு கருவாடு, தேங்காய், புடவை. திரும்பி வரும்போது பாக்கு, மிளகு, தேன், தேன்மெழுகு, மான்கொம்பு, இறைச்சி வத்தல், காட்டுச் சரக்கு. பாக்கை அவணக் கணக்கில் அளந்தார்கள். இன்றைக்கு நம் வயற்காரர் மட்டும் பேசும் 'அவணம்' அன்று பாக்கு வியாபாரத்தின் அளவு. அந்தப் பாக்கு இங்கேயே நிற்கவில்லை. கடல் தாண்டித் தென்னிந்தியாவுக்குப் போனது. இலங்கைப் பாக்குக்கு அங்கே அப்படி ஒரு கிராக்கி. எனவே கப்பல் கதையும் மாட்டுக் கதையும் தனித்தனி அல்ல. மாடு வராவிட்டால் கப்பலுக்கு ஏற்றச் சரக்கில்லை.

தவளம் எப்படிப் போனது என்று கொஞ்சம் விபரமாகப் பார்ப்போம்.

வண்டி போக முடியாது. பாதை ஒற்றையடிப் பாதை. அது வறுமையால் மட்டும் அப்படி இருந்ததல்ல. அகலமான பாதையில் பீரங்கியும் வரும் என்பது கண்டி மன்னர்களுக்குத் தெரியும். 1660-இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு ஏறக்குறைய இருபது ஆண்டு கண்டி நாட்டுக்குள் இருந்து 1679-இல் தப்பியோடிய ரொபர்ட் நொக்ஸ், 1681-இல் வெளியிட்ட நூலில் இந்தக் காவலையெல்லாம் எழுதியிருக்கிறார். கணவாய்களில் முள்ளால் பின்னிய கதவுகள் இருந்தன, ஆள் காவல் இருந்தது. தாண்டிப் போகிறவனுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். அது கடதாசி அல்ல, களிமண்ணில் குத்திய முத்திரை. படைவீரனுக்கு ஈட்டி தோளில் வைத்த மனிதன். கூலியாளுக்குக் காவுதடியின் இரு நுனியிலும் பை தொங்கும் மனிதன். வெள்ளைக்காரனுக்கு இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும் வைத்த மனிதன். எழுத்தறியாத காவற்காரனும் பார்த்தவுடனே ஆளைப் புரிந்துகொள்வான். இந்தக் காலத்து அடையாள அட்டையை விட அது விளக்கமானது என்று எங்களுக்குப் படுகிறது.

மாடு ஒன்று ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை அந்தர் சுமக்கும். ஒட்டகத்தின் சுமையில் பாதிக்கும் குறைவு. நடையும் குறைவு, பாரத்தோடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போனால் பெரிய காரியம். கல்முனையிலிருந்து அம்பாறை, உகண, மகாஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை வழியாகக் கண்டி இன்றைய வீதியில் சுமார் 200 கிலோமீற்றர். தவளத்துக்கு அது பத்துப் பன்னிரண்டு நாள், ஒரு மாடும் நொண்டாமல் இருந்தால், ஒரு ஆறும் பெருகாமல் இருந்தால்.

ஆறு பெருகும் என்பதால்தான் வாடைக் காலத்தில் போக மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் வயலும் காடும் ஒரே தண்ணீர். மழையில் மாட்டுக்கு மட்டுமல்ல, சரக்குக்கும் ஆபத்து. நனைந்த உப்பு பொதிக்குள்ளேயே கரைந்து ஒழுகிவிடும். மலை ஏறும்போது மாட்டின் முதுகில் வெறும் சாக்குத்தான் இருக்கும். வேளாண்மை வெட்டி, சூடடித்து, வெயில் ஏறி, கச்சான் காற்று கிளம்பும் மாதங்கள்தான் தவளத்துக்குத் தோது. வயலில் வேலை இல்லாத மாடும் ஆளும் அப்போதுதான் கிடைக்கும். நம் ஊர்களில் ஒரே மனிதர் பாதி ஆண்டு போடியார், பாதி ஆண்டு வியாபாரி என்று இருந்ததற்கு இந்தப் பருவக் கணக்கு ஒரு காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

முன்னால் போகும் மாட்டின் கழுத்தில் மணி. காட்டு வளைவில் பின்னால் வருகிறவனுக்கு முன்மாடு தெரியாது, மணிதான் வழி. சிறுத்தை உள்ள காட்டில் இரவு பொதியை இறக்கி, மாடுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி, நெருப்பு மூட்டிக் காவல் இருக்க வேண்டும். யானை வரும். காய்ச்சல் வரும், அதுதான் யானையை விடக் கொடியது. விந்தனைக் காட்டுக் காய்ச்சலைப் பற்றி அந்தப் பக்கம் போன வெள்ளைக்காரர் எல்லோரும் பயந்து எழுதியிருக்கிறார்கள். எமர்சன் டெனன்ட், 1840-களில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்தவர், 1859-இல் வெளியிட்ட 'சிலோன்' என்ற பெரிய நூலில் தவளங்களைப் பற்றியும் அவற்றை ஓட்டிய சோனகர்களைப் பற்றியும் குறிப்பிடுகிறார்.

காட்டுக்குள் வாடிக்கையாளர் யார்? சேனைச் சிங்களவர். அவர்களுக்கும் அப்பால் வேடர். நொக்ஸ் சொல்லும் ஒரு வழக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. வேடனுக்கு அம்பு முனை வேண்டும் என்றால் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, எந்த வடிவத்தில் முனை வேண்டும் என்று இலையில் வெட்டி அதையும் அருகில் வைத்துவிட்டுப் போவான். கொல்லன் செய்து வைத்தால் மறுபடி இறைச்சி வரும். ஒரு வார்த்தை பேசாமல் வியாபாரம். பிற்காலத்தில் அந்தக் காடுகளுக்குத் துணியும் இரும்பும் தேங்காயும் கொண்டுபோய், தேனும் கொம்பும் வத்தலும் வாங்கி வந்தவர்கள் சோனக வியாபாரிகள். அவர்களுக்குச் சிங்களமும் தெரிந்திருக்க வேண்டும், வேடர் பேச்சும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பத்து நாள் காட்டில் பிழைக்க முடியாது.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. கடனுக்குச் சாமான் கொடுத்து விளைச்சலில் கூட அளந்தெடுத்த வியாபாரிகளும் இருந்தார்கள். உப்பு அரிதான இடத்தில் உப்புக்காரன் சொன்னதுதான் விலை. ஆனால் அடுத்த வருடமும் அதே பாதையால் வர வேண்டியவன் ஓரளவுக்கு மேல் ஏமாற்ற முடியாது. தனியாகப் பத்து மாட்டோடு காட்டில் படுக்கிறவனுக்கு அந்த ஊர்க்காரனின் நல்லெண்ணம்தான் காவல்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தப் பாதை சரக்குக்கு மட்டும் பாதை அல்ல.

1602-இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கினார். விந்தனை வழியாகக் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். கண்டி மன்னரோடு ஒல்லாந்தருக்கு உறவு தொடங்கியது இந்தப் பாதையில்தான். கண்டிக்குக் கடல் வாசல் மேற்கே கொழும்பில் இல்லை, அங்கே போர்த்துக்கேயர் இருந்தார்கள். வாசல் கிழக்கே, நம் பக்கம்.

அடுத்த கால் நூற்றாண்டுக்குள் அதே பாதையில் வேறு ஒரு கூட்டம் எதிர்த்திசையில் வந்தது. 1626-இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மேற்குக் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். அவர்களைக் கண்டி மன்னர் செனரத் ஏற்றுக்கொண்டார். அவர்களில் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ் எழுதியிருக்கிறார். நமக்குச் சாதகமாக எழுத அவருக்கு ஒரு தேவையும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அன்று மட்டக்களப்பு என்றால் இன்றைய அம்பாறைக் கரையும் சேர்ந்ததுதான். அம்பாறை தனி மாவட்டமானது 1961-இல்.

கண்டி நாட்டிலிருந்து இந்தக் கரைக்கு வர வேண்டுமானால் விந்தனையாலோ ஊவாவாலோ காட்டைக் கடந்துதான் வர வேண்டும். பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள், தலையில் மூட்டை. அவர்களுக்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள், கடல் வழியாக வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். ஆனால் அந்த 4000 பேர் கப்பலில் வரவில்லை. மலை இறங்கி வந்தார்கள். நம் எத்தனையோ குடிகளின் இரத்தத்தில் அவர்களும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் கொப்பியில் மட்டும் அவர்கள் இல்லை.

செனரத் இதைக் கருணையால் மட்டும் செய்தாரா? அரசர்கள் அப்படிச் செய்வதில்லை. ஆளில்லாத கரையில் வேளாண்மைக்கு ஆள் வேண்டும், போர்த்துக்கேயர் வந்து இறங்காமல் கரையைக் காக்க ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உப்பும் கருவாடும் மலைக்கு வர ஆள் வேண்டும். அவர் பயந்தது போலவே 1628-இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்து ஆண்டில், 1638 மே மாதம், செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கனின் கூட்டோடு ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பிறகு ஒல்லாந்தரே 1660-களில் கிழக்குத் துறைகளைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். அது தனிக் கதை.

மலைப்பக்கம் தங்கிவிட்டவர்களுக்கும் அரசன் வேலை கொடுத்தார். கண்டி நிர்வாகத்தில் 'மடிகே பத்த' என்று ஒரு பிரிவு இருந்தது. பொதி மாட்டுப் போக்குவரத்துக்கென்றே ஒரு திணைக்களம் என்று சொல்லலாம். அதில் சேர்ந்த முஸ்லிம்கள் அரசனின் நிலத்தில் குடியிருந்து பயிர் செய்தார்கள். பதிலுக்கு அரண்மனைக்கு உப்பும் கருவாடும் கொண்டுவந்து, அரசனின் பாக்கையும் தானியத்தையும் மாட்டில் ஏற்றிப் போனார்கள். மடிகே என்ற பெயரில் இன்றும் முஸ்லிம் கிராமங்கள் உண்டு, கலகெதரப் பக்கம் போனால் பார்க்கலாம். பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994-இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறார். சிங்களப் பெண்மணி ஒருவர் எழுதிய நூல் அது. நம் வீடுகளில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

மஹியங்கனைக்குப் பக்கத்தில் பங்கரகம்மன என்ற முஸ்லிம் கிராமத்துக்கு ஒரு கதை உண்டு. போர்த்துக்கேயருக்குத் தப்பி ஓடிவந்த கண்டி மன்னன் மரப்பொந்தில் ஒளிந்துகொண்டான். இடத்தைக் காட்ட மறுத்த முஸ்லிம் பெண் ஒருத்தியைத் துரத்தி வந்தவர்கள் கொன்றுவிட்டார்கள். மன்னன் அந்த நிலத்தை அவள் குடும்பத்துக்கு மானியமாகக் கொடுத்தான் என்று. ஊர்க்கதை, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கண்ணில் படுவது அந்தக் கதை நடக்கும் இடம். மகாவலிக் கரை, மலை ஏறத் தொடங்கும் இடம், தவளம் பொதி இறக்கி மூச்சு விடும் இடம்.

1804-இல் ஆங்கிலேயக் கப்டன் ஜோன்ஸ்டன் சுமார் 300 படைவீரரோடு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டுக் கண்டிக்குள் புகுந்தார். பல பக்கத்திலிருந்து வர வேண்டிய மற்றப் படைகள் வரவில்லை. திட்டம் கைவிடப்பட்டது அவருக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்படவில்லை. கண்டியில் தனியாக நின்று, பின் வழி நெடுகச் சூடு வாங்கிக்கொண்டு திருகோணமலைக்குத் தப்பிப் போனார். பிறகு அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். உப்பு போன பாதையில் துப்பாக்கி போனால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த நூல் சாட்சி.

1815-இல் கண்டி விழுந்தது. அதன் பின் நடந்த ஒன்று நமக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கலாம், ஆனாலும் சொல்ல வேண்டும். வெல்லஸ்ஸவில் இருந்த முஸ்லிம்களுக்கென்று ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தார்கள். தவளப் போக்குவரத்தைத் தங்கள் கையில் எடுக்க அது சுலபமான வழி. அதுவரை அந்த மக்கள் மீது அதிகாரம் வைத்திருந்த சிங்களப் பிரதானிகளுக்கு அது அவமானம். 1817-இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி எழுந்தது. அதற்குப் பல காரணங்கள், இந்த நியமனமும் அவற்றில் ஒன்று. ஹாஜி முகாந்திரம் கிளர்ச்சிக்காரரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பதுளையிலிருந்து விசாரிக்கப் போன ஆங்கிலேய அதிகாரி வில்சனும் அம்பு பட்டு இறந்தார். 1818-இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவை எரித்து, மாடுகளைக் கொன்று, குளங்களை அழித்து அடக்கினார்கள். மாடு அழிந்தால் தவளம் ஏது? சேனைக்காரனும் அழிந்தான், அவனுக்கு உப்பு கொண்டுபோனவனும் அழிந்தான்.

ஹாஜி மரிக்காரைத் துரோகி என்று சொல்கிறவர்களும் உண்டு, தியாகி என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டும் பொருந்தாது என்பது எங்கள் எண்ணம். இருநூறு ஆண்டாக ஒரு பாதையின் இரண்டு முனையிலும் இரண்டு எஜமானர்களுக்கு நடுவில் நடந்த சமூகத்தில் ஒரு மனிதர், ஒரு எஜமான் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டார். அதன் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை.

அதன் பிறகும் தவளம் உடனே சாகவில்லை. கோப்பித் தோட்டங்கள் வந்தபோது, வீதி இல்லாத தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போனதும் கோப்பி இறக்கி வந்ததும் பொதி மாடுகள்தான். பிறகு வண்டிப் பாதைகள் வந்தன. 1867-இல் கண்டிக்கு ரயில் வந்தது, 1924-இல் பதுளைக்கு, 1928-இல் மட்டக்களப்புக்கு. இடையிடையே மாட்டுக் கொள்ளை நோய் வந்து பட்டி பட்டியாக மாடுகளைக் கொண்டுபோனது. உப்பு மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ரயிலிலும் வண்டியிலும் மலைக்குப் போனது. 1949-இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, காடு வெட்டப்பட்டு, பழைய தடங்கள் குடியேற்றங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் அடியில் போய்விட்டன. யுத்த காலத்தில் மேற்கே உள்ள சொந்த வயலுக்குப் போகவே பயந்த மக்கள் நாம். மகாஓயாவுக்கு அப்பால் யார் நினைத்தார்கள்?

ஆனாலும் சில ஊர்கள் அப்படியே இருக்கின்றன. பிபிலைப் பக்கம் கொட்டபோவ, கொடிகமுவ. மொனராகலைப் பக்கம் பக்கினிகஹவெல, அளுப்பொத்த. வரைபடத்தில் இந்தப் பெயர்களுக்கு மேல் விரலை வைத்துப் பாருங்கள். சுற்றிலும் சிங்களக் கிராமம், நடுவில் நம் பள்ளிவாசல். இந்த முஸ்லிம்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்று ஆச்சரியப்படுகிறோம். வரைபடத்தில் பழைய பாதையைக் கீறினால் ஆச்சரியம் தீர்ந்துவிடும். தவளம் தங்கிப் போன வழிகளின் ஓரத்தில் குடும்பங்கள் தங்கிவிட்டன.

நம் கரையின் குடி முறையையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை வந்து சேர்கிறவர், குடி தாய்வழி. இதற்குப் பழைய முக்குவர் வழக்கோடு உள்ள உறவைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ஆண் வருடத்தில் பல மாதம் காட்டில். திரும்புவானா என்பது நிச்சயமில்லை. வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருந்தால் அவன் காய்ச்சலில் போனாலும் பிள்ளைகள் தெருவில் நிற்க மாட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறோம் என்று கேட்கலாம். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஒரு கிழமை போவதற்குள் திகன, தெல்தெனியவில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. மார்ச் 6-ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை. இடங்களைக் கவனியுங்கள். அம்பாறை இந்தப் பாதையின் கிழக்கு வாசல். தெல்தெனியவும் திகனவும் மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் வீதியில். ஒரே பாதையின் இரண்டு முனை. நாம் இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்ற பேச்சு அந்த நாட்களில் எவ்வளவு கேட்டது என்று உங்களுக்குத் தெரியும். நாமும் நம் பிள்ளைகளுக்குக் கப்பலை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பேச்சுக்குக் கடலைக் கைகாட்டி விடுகிறவர்கள் நாமே. கண்டி அரசன் நிலம் கொடுத்து, வேலை கொடுத்து, இந்தக் கரையில் இருத்திய மக்களும் நாம்தான் என்பதைச் சிங்களத்திலும் எழுதத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் எழுத வேண்டும். கோபமாக அல்ல, விபரமாக.

கடலுக்கு நம்மிடம் நினைவு இருக்கிறது. கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளி இருக்கிறது, நாகூர் ஆண்டகையின் பெயரில் கொடி ஏறுகிறது, ஊரே கூடுகிறது. காட்டுப் பாதைக்கு ஒரு பெயர்ப்பலகை கூட இல்லை. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதியை மாரியில் வெள்ளம் மூடும்போது திட்டிக்கொண்டே கடக்கிறோம். கிட்டங்கி என்றால் பண்டகசாலை. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போகும் துறையில் அந்தப் பெயர் நிற்கிறதென்றால், அங்கே எதையோ அடுக்கி வைத்து, எதற்கோ காத்திருந்தார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. சம்மாந்துறையைச் சம்பான்கள் வந்த துறை என்று ஊரார் சொல்கிறார்கள். ஒரு பக்கம் சம்பான், மறுபக்கம் பொதி மாடு.

இரவில் நம் கரையிலிருந்து மீன் ஏற்றிய லொறிகள் மலைப்பக்கம் போகின்றன. மரக்கறி ஏற்றிய லொறிகள் திரும்பி வருகின்றன. பத்துப் பன்னிரண்டு நாள் நடந்த தூரத்தை அந்தச் சாரதிகள் ஒரே இரவில் ஓடி முடிக்கிறார்கள். மகாஓயாவில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தும்போது கடைக்காரரோடு சிங்களத்தில் பகிடி விடுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். தவளத்தோடு போனவர்களைக் கண்டவர்கள் இப்போது இல்லை. ஆனால் அவர்களிடம் கதை கேட்டவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் மூத்தவாப்பாவோ மூத்தும்மாவோ கண்டிக்கு, பதுளைக்கு, பிபிலைக்கு மாட்டோடு போன கதை சொன்னால் போனில் குரலைப் பதிந்து வையுங்கள். பழைய மாட்டு மணி, பொதிச் சாக்குத் தைத்த கோணி ஊசி, பாக்கு அளந்த மரக்கால் எதுவும் பரணில் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கினிகஹவெலவிலோ கொடிகமுவவிலோ உங்களுக்குச் சொந்தம் இருந்தால், அந்தச் சொந்தம் எந்தத் தலைமுறையில், எந்தக் குடியில் தொடங்கியது என்று கேட்டு எங்களுக்கு அறியத் தாருங்கள். பாண்டிருப்பு, நீலாவணை, காரைதீவு நண்பர்களும்தான். உங்கள் பெரியவர்களின் மாட்டுப் பட்டியிலிருந்து எத்தனை மாடு அந்த வரிசையில் போனது என்பதும் இதில் வர வேண்டும்.